மிச்சமாய் வந்த சாமான்

மண்முனைப் பாலத்தில் ஏறும்போதுதான் அது தொடங்கும்.
நாற்பதைத் தாண்டினால்
ஹாண்டில் உள்ளங்கைக்குள் நடுங்கும்,
குலைப்பன் காய்ச்சல்காரன் மாதிரி.

காற்றென்று நினைத்தேன். வாவி மேல் வரும் கச்சான்
எதைத்தான் ஆட்டாது.
பிறகு ரோட்டென்று.
பிறகு, வெட்கத்தோடு, நானென்று:
முப்பத்தெட்டு வயதில் லைசன்ஸ் எடுத்தவளுக்கு
நேராய் ஓடத் தெரியாதாக்கும்.

எனக்குத் தொழில் மீற்றர் வாசிப்பது.
அரசடித்தீவு, மகிழடித்தீவு, முனைக்காடு,
நாளுக்கு நூற்றிப் பத்து வீடு.
பழைய மீற்றர் கண்ணாடிக்குள்
அலுமினியத் தட்டொன்று சுற்றும்.
சத்தமில்லை, ஆட்டமில்லை,
கறுப்புக் கோடு போய்ப் போய் வரும்.
அதைப் பார்த்துப் பழகின கண்
சொந்தச் சில்லைப் பார்க்கவில்லை.

புதன்கிழமை பார்த்தேன்.
என்ஜினுக்கடியில் கல் வைத்து முன்பக்கம் தூக்கி
டயரை மேலும் கீழும் பிடித்து அசைத்தால்
டொக்.
மறுபடி, டொக்.
பல் விழப்போகிற பிள்ளை
நாக்கால் தள்ளிக் காட்டுமே, அந்த அசைவு.

அச்சை உருவினேன். சில்லைக் கழற்றி
உரப்பையில் சுற்றி பஸ்ஸில் ஏற்றினேன்.
"இதுக்கும் டிக்கெட்டா அக்கா?"
"உருண்டு வரச் சொன்னனான் தம்பி, கேக்கல்ல."

ஆரையம்பதியில் அஸ்வர் ஒரு பக்கத்தால் கம்பியை விட்டுத் தட்ட
மறுபக்கத்தால் விழுந்தது பேரிங்.
கிறீஸ் இல்லை. சாயத் தண்ணி நிறத்தில் துரு.
விரலில் போட்டுச் சுற்றினான்:
மணல் மெல்லும் சத்தம்.
மறுகா, ஹப்புக்குள் ஒற்றைக் கண்ணை வைத்தான்.
"நடுக் குழாய் எங்க?"
"என்ன குழாய்?"
"ரெண்டு பேரிங்குக்கும் நடுவுல நிக்கிறது.
அது இல்லாட்டி, அச்சை இறுக்க இறுக்க
ரெண்டும் ஒண்டை ஒண்டு தேடிப் போகும்.
போய்த்தான் இப்படித் தின்னுபட்டிரிக்கி.
ஆரு கடைசியாக் கழட்டின?"

ஆர் கழற்றியது.
கட்டாருக்குப் போவதற்கு முதல் இரவு,
கரண்ட் இல்லை, போன் வெளிச்சத்தை நான் பிடிக்க
இவர்தான் புதுப் பேரிங் போட்டார்.
"நீ தனிய ஓடப்போறாய். எல்லாம் புதுசா இரிக்கட்டும்."
முடித்துக் கை துடைத்தபோது
சாக்கின் மேல் ஒரு சாமான் மிச்சம்.
விரல் நீளம், இரண்டு பக்கமும் திறந்த இரும்பு.
"கொம்பனிக்காரன் கூடப் போட்டிரிக்கான்," என்று சிரித்தார்.
நானும் சிரித்தேன்.
வான் நாலு மணிக்கு வந்தது.

"லேத்தில கடைஞ்சு தரலாம், நாளைக்கு," என்றான் அஸ்வர்.
"வேணாம். வீட்டில இரிக்கி."
வீட்டில் எங்கே என்று அவன் கேட்கவில்லை. நல்லது.

சாமிப் படத்துக்கு முன்னால், சாம்பல் தட்டில்,
நிமிர்த்தி வைத்திருந்தேன்.
எட்டு மாதமாய் விடிய விடிய
அதன் வாயில் ஒரு ஊதுபத்தி.
அவரை அங்கே காப்பாற்று.
என்னை இந்த ரோட்டில் காப்பாற்று.

சாம்பலைத் தட்டினேன். மண்ணெண்ணெயில் கழுவினேன்.
புதுப் பேரிங் இரண்டும் இரவு முழுக்க
ஐஸ்பெட்டியில், மணலை மீனுக்குப் பக்கத்தில்.
குளிர்ந்தால் ஒரு மயிரளவு சுருங்குமாம்.
ஒன்றை இறக்கி, குழாயை நிறுத்தி, மற்றதை வைத்து
பழைய பேரிங்கையே மேலே வைத்துத் தட்டினேன்,
வெளி வளையத்தில் மட்டும்.
டங், டங், டங்,
பிறகு டக்.
சத்தம் மாறினால் இருந்துவிட்டது என்று அர்த்தம்.

வெள்ளி இரவு அழைப்பு. பின்னால் ஏசி இரைச்சல்.
"பைக் எப்படி ஓடுது?"
"நேரா ஓடுது."
"நான் போட்ட பேரிங் அசையாது."
சொல்லலாம். வாய்க்குள் அந்த வார்த்தை
ஒரு தடவை சுற்றியது.
"சாப்பிட்டாச்சா?" என்று கேட்டேன்.

ஊதுபத்தி இப்போது ஒரு வாழைப்பழத்தில் குத்தி,
கொஞ்சம் சரிந்து நிற்கிறது.

இன்று பாலத்தில் அறுபது.
எதிரே ஒருவருமில்லை. காற்று அதே காற்று.
இரண்டு கையையும் விட்டுப் பார்த்தேன்,
ஒரே ஒரு கணம்.